வாசலுக்கு யாரிடம் அனுமதி?
வீட்டுக் கதவு குறித்த ஒரு சட்ட வரலாறு

வீட்டுக்குக் கதவு வைக்க அனுமதி வேண்டுமா என்னும் வினா ஊராட்சி அலுவலகங்களோடு பிறந்ததன்று. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்காவில் அது எழுந்திருக்கிறது. அல்ஹஜ் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்துக்கு விளக்கம் எழுதுகையில் இமாம் இப்னு கஸீர் (ரஹ்), அப்துர் ரஸ்ஸாக் வழியாக வந்த ஒரு செய்தியை எடுத்துத் தருகிறார்கள். மக்காவின் வீடுகளுக்குக் கதவு அமைப்பதைக் கலீஃபா உமர் (ரலி) தடுத்து வந்தார்கள். ஹஜ்ஜுக்கு வருவோர் அவ்வீடுகளின் முற்றங்களில் தங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். அத்தடைக்குப் பின்னர் தம் வீட்டுக்கு முதன்முதலில் கதவு வைத்தவர் ஸுஹைல் இப்னு அம்ரு (ரலி). உமர் (ரலி) ஆளனுப்பி விளக்கம் கேட்டார்கள். தாம் ஒரு வணிகர் என்றும், தம் சுமை விலங்குகளை அடைத்து வைக்கவே இரு கதவுகள் அமைக்க விரும்பியதாகவும் ஸுஹைல் விடை தந்தார். அப்படியானால் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது.

பொதுத் தடை, மீறல், விளக்கம் கோரல், காரணம் ஏற்கப்பட்டு விலக்கு என்று இன்றைய அலுவலகக் கோப்பு ஒன்றில் இருக்க வேண்டிய அனைத்தும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. தடையின் அடிப்படையையும் நோக்க வேண்டும். கதவின் அகலமோ மரத்தின் வகையோ அங்கே பேசப்படவில்லை. அந்தக் கதவு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் கேட்கப்பட்டது. மக்காவின் நிலத்தைத் தனியார் உடைமையாகக் கொள்ளலாமா என்பது பின்னாளில் இமாம்களிடையே பெரிய விவாதமாயிற்று. ஸஃப்வான் இப்னு உமைய்யாவின் வீட்டை உமர் (ரலி) 4,000 திர்ஹத்துக்கு வாங்கிச் சிறைச்சாலையாக்கியதை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தனியுடைமைக்குச் சான்றாகக் காட்டினார்கள். இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) மாற்றுக் கருத்தில் நின்றார்கள். அவ்விவாதம் இங்கே நமக்கு வேண்டியதில்லை.

அதே கலீஃபாவின் காலத்தில் மேலும் இரு கட்டட வழக்குகள் பதிவாகியுள்ளன. கூஃபா நகரம் ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) அமைந்தபோது ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தம் மாளிகைக்கு வலிய கதவொன்றை அமைத்தார்கள். கடைவீதியின் இரைச்சல் பொறுக்க முடியவில்லை என்பது அவர்கள் தரப்பு. ஆளுநருக்கும் மக்களுக்கும் இடையே அக்கதவு நிற்கிறது என்று உமர் (ரலி) கருதினார்கள். முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை மதீனாவிலிருந்து அனுப்பி அதை எரிக்கச் செய்தார்கள். தபரீயின் வரலாற்றில் இது விரிவாகவே இடம்பெறுகிறது. எகிப்தின் ஃபுஸ்தாத்தில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) கட்டிய மாடியறை மற்றொன்று. அண்டை வீட்டாரின் அந்தரங்கம் அங்கிருந்து தெரிகிறது என்னும் முறையீட்டின் பேரில் அது கலீஃபாவின் கவனத்துக்குப் போயிற்று. மாடியறையின் திறப்பை எப்படிச் சோதிப்பது என்பதற்கு உமர் (ரலி) கூறிய ஒரு முறையை மாலிகீ மத்ஹபின் மூலநூலான அல்முதவ்வனா தருகிறது: உள்ளே ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் ஒருவரை நிற்கச் செய்ய வேண்டும். அண்டை வீடு தெரிந்தால் திறப்பைத் தடுக்க வேண்டும். தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும். புகாரை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்காமல் இடத்தில் சென்று அளந்து பார்க்கும் வழக்கம் இவ்வாறு தொடங்குகிறது.

கதவை அடைக்கச் சொன்ன முன்மாதிரியும் உண்டு. நபித்தோழர்கள் சிலரின் வீடுகளிலிருந்து மஸ்ஜிதுந் நபவீக்குள் நேரே திறந்த வழிகளை அடைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரீயின் அறிவிப்பில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ‘கவ்கா’வுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது, திர்மிதீ முதலியோரின் அறிவிப்பில் அலீ (ரலி) அவர்களின் வாயிலுக்கு விலக்கு. இவற்றை இணைக்கும் ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்), முதலில் பெருங்கதவுகள் அடைக்கப்பட்டன என்றும், பின்னர் தோழர்கள் வைத்துக்கொண்ட சிறு திறப்புகளும் அடைக்கப்பட்டன என்றும் விளக்குகிறார்கள். ‘கவ்கா’ என்பதற்கு நம் தமிழில் ‘திட்டிவாசல்’ என்று நல்ல சொல் இருக்கிறது. சன்னல் என்று பெயர்த்துவிட்டுப் போவது இவ்விடத்தில் பொருந்தாது.

தெருவும் முட்டுச்சந்தும்

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நெறிகளைத் திரட்டியவர்கள் ஃபுகஹாக்கள். நம் கடற்கரையில் பெருவழக்காக உள்ள ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ், இறப்பு ஹி. 676) அவர்களின் மின்ஹாஜும், அதற்கு ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ், இறப்பு ஹி. 864) எழுதிய விரிவுரையும் அரபுக் கல்லூரிகளில் பாடமாகப் பயிலப்படுபவை. கதவைப் பற்றிய சட்டம் அங்கே எந்தப் பாடத்தில் இருக்கிறது என்பதே சிந்திக்கத்தக்கது. அது குற்றவியலில் இல்லை. அரசாட்சிப் பாடத்திலும் இல்லை. ‘ஸுல்ஹ்’ எனப்படும் சமாதான உடன்படிக்கைப் பாடத்தில் இருக்கிறது.

சட்டத்தின் அச்சு இதுதான்: இருபுறமும் திறந்த பொதுத்தெரு வேறு, ஒருபுறம் அடைபட்ட முட்டுச்சந்து வேறு. பொதுத்தெருவில் எவரும் தம் சுவரில் கதவு திறந்துகொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முட்டுச்சந்து அப்படியன்று, அது சந்துக்காரர்களின் கூட்டுடைமை. யார் சந்துக்காரர்? எவருடைய வாசல் சந்துக்குள் திறக்கிறதோ அவர். சுவர் மட்டும் சந்தை ஒட்டி நிற்க, வாசல் வேறு தெருவில் இருப்பவருக்கு அச்சந்தில் பங்கில்லை. அவர் நடப்பதற்காகப் புதிய கதவு திறக்க விரும்பினால் சந்துக்காரர்களின் இசைவு வேண்டும். வெளிச்சத்துக்காகத் திறந்து, நடக்க முடியாதபடி ஆணியறைந்து வைத்தால் தடையில்லை என்பதே வலுவான கருத்து.

இனிச் சந்துக்காரருக்கே உரிமை எவ்வளவு? சந்தின் தலைப்பிலிருந்து அவரவர் வாசல் வரை. அதற்கு அப்பால் இல்லை. ஆகவே பழைய வாசலை விட்டுச் சந்தின் உட்புறம் தள்ளிப் புதிய வாசல் திறந்தால் பங்காளிகள் தடுக்கலாம். தலைப்பை நோக்கி முன்னால் கொண்டுவந்து, பழையதை அடைத்துவிட்டால் எவரும் தடுக்க முடியாது. முன்னால் ஒன்றைத் திறந்து பழையதையும் வைத்துக்கொண்டால் மீண்டும் தடை வருகிறது. ஒரு வாசலுக்கு இரண்டு வாசலாக நடமாட்டம் கூடுகிறதல்லவா? தடை உள்ள இடங்களில் பணம் கொடுத்து உடன்பாடு செய்துகொள்வது செல்லும். இதனால்தான் இச்சட்டம் ஸுல்ஹ் பாடத்தில் வந்து அமர்ந்தது.

அதே பகுதியில் தெருவை நோக்கி நீட்டப்படும் முகப்பு பற்றியும் பேசப்படுகிறது. நடப்பவர் நிமிர்ந்து செல்லும் உயரம் வேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியானால் ஒட்டகத்தின் மீது ஏற்றிய பல்லக்கு அதன் மேற்கூரைக் கட்டைகளோடு கடந்து செல்லும் உயரம் வேண்டும். இதைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் புன்னகைப்பதுண்டு. ஒட்டகத்தை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூட வேனையும் அவசர ஊர்தியையும் வைத்துப் பார்க்கச் சொல்வோம்; புன்னகை நின்றுவிடும். தெருவில் திண்ணை எழுப்புவதும் மரம் நடுவதும் கூடாது என்பது மின்ஹாஜின் முதன்மைக் கருத்து. இடையூறு இல்லையெனில் கூடும் என்பது அதில் இரண்டாமிடத்தில் சொல்லப்படுவது. மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காக வாசற்படிக்கு முன் தெருவில் சிமெண்டுச் சரிவு போட்டிருக்கும் வீடுகள் இன்று எத்தனை! அவ்வீட்டுக்காரர்களுள் மின்ஹாஜ் ஓதியவர்களும் உண்டு.

மாலிகீ மத்ஹபில் இத்துறை தனிக்கலையாகவே வளர்ந்தது. தூனிஸ் நகரில் காழிக்குத் துணையாகக் கட்டட வழக்குகளை நேரில் ஆராய்ந்து வந்த இப்னுர் ராமீ (இறப்பு ஹி. 734) ஒரு கட்டடக் கலைஞர். அன்னார் எழுதிய ‘அல்இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்னும் நூல் சுவர், கதவு, சன்னல், சாக்கடை வழக்குகளின் களஞ்சியம். குறுகிய தெருவில் எதிர்வீட்டு வாசலுக்கு நேர் எதிரே புதிய வாசல் திறக்கக் கூடாது. சற்று விலக்கி வைக்க வேண்டும் என்பது மாலிகீ அறிஞர்கள் வலியுறுத்தும் விதி. அகன்ற தெருவுக்கு ஏழு முழம் அளவாகக் கொள்ளப்பட்டது. வழி குறித்துப் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடுமாறு கூறும் நபிமொழியோடு இவ்வளவு ஒத்துப்போகிறது.

ஹனஃபீ சட்டத்தை 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு ‘மஜல்லா’ என்னும் தொகுப்பாக வெளியிட்டது. அதன் 1202ஆம் பிரிவு, பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவை பார்வைக்குப் படுவதைக் கடும் தீங்கு என்று வரையறுக்கிறது. பரிகாரம் என்ன? திறப்பு வைத்தவர் பார்வையை மறைக்கும்படி சுவரோ தட்டியோ எழுப்ப வேண்டும். சன்னலையே முற்றிலும் அடைக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதுவும் ஸுல்ஹின் மனப்பாங்கே.

ஆங்கிலேயச் சட்டத்தின் இரு முகங்கள்

மணமேல்குடி இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகரம். ஆயினும் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சட்டங்கள் இக்கடற்கரையை ஆண்டதில்லை. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் அமையும்வரை இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பக்கத்தைச் சேர்ந்தது. அதாவது நேரடி ஆங்கிலேய ஆட்சியில் இருந்தது. எனவே சென்னை உயர்நீதிமன்றத்தின் சொல்லே இங்கே கடைசிச் சொல்.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் அவ்வாண்டு ஜூலை 1 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவு வழக்காற்றால் வரும் உரிமைகளைக் கூறுகிறது. அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும் புதிய சன்னலைத் திறக்கக் கூடாது என்னும் ஊர் வழக்கத்தை அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கோகுல் பிரசாத் வழக்கில் இவ்வுரிமையை ஏற்றது. புதிய வீடொன்றின் தாழ்வாரமும் சில கதவுகளும் அண்டை வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதியை நோக்கி அமைந்தன என்பதே அவ்வழக்கு. வழக்காடிய இரு தரப்பினரும் முஸ்லிம்கள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மறைவை விரும்புவது ஒரு சமயத்தாரின் தனிவழக்கம் அன்று.

சென்னை வேறு வழியில் சென்றது. சன்னல் திறந்து அந்தரங்கம் கெடுவதைச் சட்டம் பரிகாரம் தரும் தவறாகக் கொள்வதில்லை என்று 1866இலேயே இங்கே தீர்ப்பாயிற்று. 1894இல் முஸ்லிம்கள் வழக்காடிய ஒரு வழக்கிலும் அதே நிலை உறுதி செய்யப்பட்டது. வேண்டுமானால் உன் இடத்தில் நீ மறைப்புக் கட்டிக்கொள் என்பதே இந்நிலையின் சாரம். மஜல்லா தட்டி எழுப்பும் சுமையைத் திறந்தவர் மேல் வைத்தது. சென்னை அதைப் பார்க்கப்படுபவர் மேல் வைத்தது. ஒரே தட்டிதான், யார் செலவில் என்பதில்தான் நீதியின் வேறுபாடு இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக உச்ச நீதிமன்றம் அறிவித்தது பெரும் நிகழ்ச்சியே. எனினும் அது முதன்மையாக அரசுக்கு எதிரே குடிமகனுக்குக் கிடைத்த காப்பு. கொல்லைப்புறச் சுவரில் திறக்கும் கதவுக்கு அதை நேரே பொருத்துவது எளிதன்று.

நிருவாகச் சட்டமோ கதவைத் தெருவின் பக்கமிருந்து மட்டுமே பார்த்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தெருவை நோக்கி வெளிப்புறமாகத் திறக்கும்படி கதவையோ தரைத்தளச் சன்னலையோ உரிமம் இன்றி அமைக்கக் கூடாது என்றது. அச்சட்டம் 2023இல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு இடம்விட்டு விலகியது. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1997இல் தனிக் கட்டட விதிகள் வந்தன; 2019 பிப்ரவரியில் நகரம், கிராமம் அனைத்துக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. கடலோரம் என்பதால் 1991இல் தொடங்கி 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மாற்றி வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் இங்கே உண்டு. அதுவும் வீட்டின் பரப்பையும் கடலிலிருந்து அதன் தொலைவையும் கேட்குமே தவிர, வாசலின் திசையைக் கேட்காது.

கதவைப் பற்றி நேரே பேசுவது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. 1970இல் முதலில் வெளிவந்து 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட அத்தொகுப்பு, அனுமதி தேவையில்லாத வேலைகளைப் பட்டியலிடுகிறது. சுண்ணாம்பு அடித்தல், ஓடு மாற்றுதல், தோட்டம் அமைத்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில், கதவையோ சன்னலையோ திறப்பதும் அடைப்பதும் நிற்கின்றன. பொதுவான கட்டட விதிகளை மீறாமல் இருந்தால் போதும். பழுதான கதவைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்கு இதைவிட நல்ல விதி வேண்டியதில்லை. தேக்கை எடுத்துவிட்டு இரும்பு வைத்தால் அரசுக்கு என்ன? ஆனால் சுவரை உடைத்து இதுவரை வாசல் இல்லாத இடத்தில் வாசல் வைப்பதும் சுண்ணாம்பு அடிப்பதும் ஒன்றாகுமா? மின்ஹாஜ் படித்தவருக்கு இந்த வரிசை வியப்பளிக்கவே செய்யும்.

நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறானது. கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா முதலிய பகுதிகள் 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டபின், அங்குள்ள பழைய கடைவீடுகளின் முகப்புக் கதவையும் சன்னலையும் விரும்பியபடி மாற்ற முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நெறிமுறைகளுக்கு உட்பட வேண்டும். அங்கே அனுமதி அழகுக்காகவும் மரபுக்காகவும் கேட்கப்படுகிறது. அண்டை வீட்டாருக்காக அன்று.

நம் கடற்கரையில்

காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளின் பின்புறம் அமைந்த முடுக்குகளை அறியாதார் இலர். ஆண்களின் வாசல் தெருவிலும் பெண்களின் வாசல் முடுக்கிலுமாக ஒரு வீட்டுக்கு இரு முகங்கள். மணமேல்குடிப் பக்கத்து அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற ஊர்கள் அத்தகைய திட்டத்தோடு எழுந்தவை அல்ல. எனினும் கொல்லைப்புறம் பெண்களின் இடம் என்னும் எண்ணம் இங்கும் ஒன்றே. இடைக்காலத்தில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. வளைகுடாப் பணம் ஓட்டு வீடுகளை மாடி வீடுகளாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல், எஞ்சியிருந்த ஓட்டுக்கும் கீற்றுக்கும் பெருஞ்சேதம் விளைத்தது. மற்றொன்று பாகப்பிரிவினை. ஒரே மனை நான்கு மக்களுக்குப் பிரியும்போது, முன்பங்குக்குத் தெரு இருக்கிறது. பின்பங்குக்காரர் எங்கே வாசல் வைப்பார்? கொல்லைச் சுவரை ஒட்டிய முட்டுச்சந்தில்தான். பத்திரத்தில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று ஒரு சொற்றொடர் இருக்கும். எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை என்பது இருக்காது.

பழையவர்கள் இதற்கு ஜமாஅத்தை நாடினார்கள். நிலை நிறுத்துவதற்கு முன் சந்துக்காரர்களைக் கூட்டி வாய்மொழியாகச் சம்மதம் பெறுவதும், சில இடங்களில் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குவதும் உண்டு. மனையடி சாத்திரம் பார்த்து வாசலின் அங்குலத்தைக் கூட்டிக் குறைக்கும் முஸ்லிம் வீடுகளை இன்று பார்க்கும்போது, எதிர்வீட்டாரைக் கேட்டு வாசலை ஒரு முழம் தள்ளிவைத்த முன்னோரின் பக்குவம் பெரிதாகத் தோன்றுகிறது.

இப்படி எழுதப்படும் தாளில் ஒரு சிக்கல் உண்டு. அதில் ‘அனுமதிக்கிறோம்’ என்று மட்டுமே இருக்கும். இலவசமாகவா, ஈடு பெற்றா என்பது இராது. ஷாஃபிஈ சட்டப்படி இலவசமாகத் தந்த இசைவு இரவல் போன்றது. கதவு திறந்த பின்னரும் சந்துக்காரர்கள் அதை மீட்டுக்கொள்ளலாம், இழப்பீடும் தர வேண்டியதில்லை. ஈடு பெற்றுச் செய்த ஸுல்ஹ் அப்படி மீட்கத்தக்கதன்று. வசதியுரிமைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவோ, இசைவை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பிய பின்னர் இசைவை மீட்க முடியாது என்கிறது. ஆகவே ஒரே தாளைப் பள்ளிவாசலில் ஒருவாறும் அறந்தாங்கி நீதிமன்றத்தில் வேறுவாறும் படிக்க இடமிருக்கிறது. இசைவின் வகையையும், வாசலின் இடத்தையும், அது நடப்பதற்கா வெளிச்சத்துக்கு மட்டுமா என்பதையும், பழைய வாசல் அடைக்கப்படுமா என்பதையும் நான்கு வரிகளில் எழுதிவிட்டால் பாதிப் பிணக்குகள் எழாமலே போகும். மின்ஹாஜின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வரி, அவ்வளவே.

இன்னொன்று, நாம் இதைவிட முக்கியமாகக் கருதுவது. இசைவு தர வேண்டியவர் சந்தின் பங்காளி, அதாவது அவ்வாசலுக்கு உரியவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்கே போகும் வழக்கம் உண்டு. மற்ற ஊர்களிலும் மஹராகவோ அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அரிதன்று. கணவரும் மகனும் வெளிநாட்டில் இருக்க, அந்தச் சந்தில் நாள்தோறும் புழங்குபவரும் அவரே. ஆயினும் ஜமாஅத் கூடும்போது அழைக்கப்படுவோர் ஆண்கள், கையொப்பமிடுவோரும் ஆண்கள். உரியவர் இசையாதிருக்க அவர் மைத்துனர் தந்த இசைவு ஃபிக்ஹின்படி இசைவே அன்று. வகாலத் இருந்தாலன்றி அத்தாள் செல்லாது. அந்தரங்கம் காப்பதற்காக எழுந்த சட்டத்தில், யாருடைய அந்தரங்கமோ அவரைக் கேளாமல் முடிவெடுப்பதை எந்த மத்ஹபின் நூலைக் கொண்டும் நியாயப்படுத்த இயலாது. ஜமாஅத்தின் சார்பில் இருவர் வீடு தேடிச் சென்று, வாசலில் நின்று ஸலாம் கூறி, அப்பெண்மணியின் சொல்லைக் கேட்டு எழுதி வருவதில் என்ன தடை இருக்க முடியும்? பிறர் வீட்டுக்குச் சென்றால் நபி (ஸல்) அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் கூறுவார்கள் என்றும், அக்காலத்து வீடுகளுக்குத் திரைகள் இல்லை என்றும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள்.